ஒன்றரை அடி சுடுவெள்ளம்

கருங்கலிலிருந்து பாலூர் போகும் ரோட்டில்
மதில்மேல் ரப்பர் ஷீட் காயும் வீடு.
போன மாசம்வரை ஒரு கேட்,
இப்போது இரண்டு.
புதிய கேட்டில் கை வைத்தேன்,
பெயின்ட் ஒட்டிக்கொண்டது.

கூப்பிட்டது இளையவன் றோபின்சனின் பெண்டாட்டி அஜிதா.
"சுடுவெள்ளம் எங்களுக்கு வேண்டாம்,
அந்தக் குழாயை எடுத்துடும்" என்றாள்.
வேண்டாம் என்று இன்னொரு தரமும் சொன்னாள்,
இந்தத் தரம் மொட்டைமாடியைப் பார்த்து, கொஞ்சம் உரக்க.

மாடியில் சோலார், இருநூறு லிட்டர்.
பத்திரப்படி மூத்தவர் ஜஸ்டஸின் பங்கு.
ஆறு வருஷத்துக்கு முன் மாட்டினது நான்தான்.
அன்று ஒரே அடுக்களை,
எனக்கு இலையில் இரண்டு துண்டு அயிலை.

பாகம் வைக்க வந்தவர்கள்
தெங்கை எண்ணினார்கள்,
கிணற்று மோட்டாருக்கு மணிக்கணக்கு எழுதினார்கள்.
சுவருக்குள் போகும் குழாயை யாரும் கேட்கவில்லை.
மேலிருந்து இறங்கி
றோபின்சனின் படுக்கையறைச் சுவரில் பதினோரடி படுத்து,
அவன் குளியலறைக்கு ஒரு கிளை கொடுத்து
அப்புறம்தான் அண்ணன் பக்கம் திரும்புகிறது அது.

வால்வு மாடியில். படி மூத்தவர் பங்கில்.
பேப்பருக்குப் பின்னாலிருந்து ஜஸ்டஸ் கேட்டார்:
"எவ்வளவு நேரம் ஆகும்?"
அரை மணி என்றேன்.
என்ன வேலை என்று கேட்கவில்லை.

முதல் படியில் கால் வைத்திருப்பேன்,
அங்கிருந்து அஜிதாவின் சத்தம்:
"அடைக்கிறதுக்கு முன்ன ஒரு நிமிஷம்."
பக்கெட்டை வைத்துத் திறந்தாள்.
முதலில் பச்சைத் தண்ணீர்,
பிறகு வெதுவெதுப்பு,
பிறகு ஆவி.
எடவப்பாதி மழை விட்டு இரண்டு நாள் வெயில்,
நல்ல சூடு இருந்தது.
பக்கெட் நிறைந்ததும் குட்டுவத்தைப் பிடித்தாள்,
அதுவும் நிறைந்ததும் குழந்தையின் டப்பை.
எட்டு மாசப் பிள்ளை
இடுப்பில் இருந்து ஆவியை எட்டிப் பிடித்தது.
நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

முறைப்படி டைலை உடைத்து
டீ பிரியும் இடத்தில் வெட்டி அடைக்கணும்.
இல்லாவிட்டால் அந்தத் துண்டில் வெள்ளம் கிடந்து ஊறும்.
சொன்னேன்.
"உடைக்காண்டாம். அந்தச் சுவரில் பாதி அவங்களுக்கு."

அதனால் வாயில் மட்டும் பிளக்.
டெஃப்லான் பன்னிரண்டு சுற்று,
கைக்கு இறுகியபின் சாவியில் ஒரு திருப்பு,
அதற்கு மேல் திருகினால் திரெட் பிளக்கும்.
டீயிலிருந்து பிளக் வரை
ஒன்றரை அடி வெள்ளம் போக்கிடம் இல்லாமல் நிற்கிறது.
இரவில் ஆறும். பகலில் கொஞ்சம் சுடும்.

வால்வைத் திறந்துவிட்டு இறங்கும்போது
ஜஸ்டஸ் குளியலறைக்குள்ளிருந்து கூவினார்:
"ஓய், இப்ப நல்ல பிரஷர்!"
அந்தச் சத்தம் இந்தப் பக்கமும் நன்றாகக் கேட்டது.
அஜிதா ஒன்றும் பேசாமல் தரையைத் துடைத்தாள்.

டூல் பையை எடுக்கப் படுக்கையறை வழி போனேன்.
தொட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில்
சும்மா உள்ளங்கையை வைத்தேன்.
இளஞ்சூடு.
அண்ணன் குளித்து முடிக்கும்வரை இருக்கும்.
நாளைக்கும் இருக்கும்.
சொல்லியிருக்கலாம்.
சொன்னால் அதையும் மாற்றச் சொல்வாள்,
பதினோரடிச் சுவரைக் கொத்தணும்.
சொல்லவில்லை.

"இந்த மிக்சரை என்ன செய்ய, நான் கொண்டு போகட்டா?"
கையிலிருந்து வாங்கினாள்.
சேலைத் தலைப்பால் உப்புக்கறையைத் தேய்த்து,
பேப்பரில் சுற்றி,
சிலாப்பில் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள்.
"வேண்டாத சாமான்தானே" என்றேன்.
"உமக்கு என்ன" என்றாள்.

கூலி நானூற்றைம்பது. ஐந்நூறு தந்தாள்.
சில்லறை இல்லை.
"இருக்கட்டும், அடுத்த தரம் வரும்போ."
ஐம்பது ரூபாய்
இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.